விசுவாசத்தில் சோர்ந்திருக்கிற தம்பிக்கு ஒரு கடிதம்

கிறிஸ்துவுக்குள் பிரியமான தம்பிக்கு,

உன் கடிதத்தை நிதானமாக வாசித்தேன். கிறிஸ்துவை மறுதலிக்கும் எண்ணம் உனக்கு இல்லை. உபதேசத்தில் எதையும் நீ சந்தேகிக்கவும் இல்லை. ஆனால் ஜெபம் வறண்டுவிட்டது, வேதம் வாசித்தால் மனதில் ஒன்றும் தங்குவதில்லை, அறிக்கையிட்டு விட்டொழித்ததாக நினைத்த பாவம் மறுபடியும் வந்து நிற்கிறது, சபைக்குப் போவதும் நின்றுவிட்டது. "இப்படியே போனால் கடைசிவரை நான் நிலைத்திருக்கமாட்டேன்" என்று எழுதியிருந்தாய். இதே நிலையில் இருக்கிற மற்றவர்களும் வாசிக்கட்டும் என்று நீயே சொன்னதால், உன் பெயரை விட்டுவிட்டு இந்தப் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

விசுவாசத்தைப் பலப்படுத்திக்கொள்ள என்ன செய்யவேண்டும் என்று கேட்டிருந்தாய். அதற்கு நான் பதில் சொல்லுமுன் நீ ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிப் பார்: இயேசு கிறிஸ்து இப்பொழுது என்ன செய்துகொண்டிருக்கிறார்? அவர் பிறந்தார், பாடுபட்டார், மரித்தார், உயிர்த்தெழுந்தார் என்று தடுமாறாமல் சொல்வோம். மறுபடியும் வருவார் என்றும் சொல்வோம். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில், அதாவது நீயும் நானும் வாழ்ந்துகொண்டிருக்கிற இந்தக் காலத்தில், அவர் செய்துகொண்டிருப்பதைப் பற்றி நம்மில் அநேகருக்குத் தெளிவான எண்ணம் கிடையாது. நம் பிரசங்கங்களுக்கும் இதில் பங்குண்டு. சிலுவையிலிருந்து உயிர்த்தெழுதலுக்கும், அங்கிருந்து நேரே இரண்டாம் வருகைக்கும் தாவிவிடுகிறோம். உயிர்த்தெழுந்த நாற்பதாம் நாளில் அவர் பரமேறியதை நினைவுகூரும் நாள் பல சபைகளில் வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் கடந்துவிடுகிறது. ஆனால் எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபமோ, தான் சொல்லிவந்தவற்றின் முக்கியமான பொருளே இதுதான் என்று எட்டாம் அதிகாரத்தின் தொடக்கத்தில் அறிவிக்கிறது: பரலோகத்தில் மகத்துவ ஆசனத்தின் வலதுபாரிசத்தில் உட்கார்ந்திருக்கிற பிரதான ஆசாரியர் ஒருவர் நமக்கு உண்டு.

அந்த நிருபத்தை முதலில் பெற்றவர்கள் யார் என்று கவனித்தால், அது உன்னிடம் எவ்வளவு நெருக்கமாகப் பேசுகிறது என்பது விளங்கும். விசுவாசத்துக்கு வந்த புதிதில் அவர்கள் நிந்தைகளைத் தாங்கினார்கள். சிறைப்பட்டவர்களோடு சேர்ந்து துன்பப்பட்டார்கள். தங்கள் ஆஸ்திகள் கொள்ளையிடப்பட்டபோது அதையும் சந்தோஷமாய் ஏற்றுக்கொண்டார்கள் (எபிரெயர் 10:32-34). அப்படிப்பட்டவர்களுடைய கைகள் நெகிழ்ந்துவிட்டன, முழங்கால்கள் தளர்ந்துவிட்டன, காதுகள் மந்தமாகிவிட்டன, சிலர் கூடிவருவதையே விட்டுவிட்டார்கள். கொள்ளையிட்டவர்களால் அசைக்க முடியாதவர்களை, அதற்குப் பின் வந்த நீண்ட சாதாரண நாட்கள் அசைத்துவிட்டன. பெரிய சோதனையில் நின்றவர்கள் சிறிய சோர்வில் விழுவது உண்டு; உனக்கு மட்டும் நேர்ந்த விசித்திரமான வியாதி அல்ல அது.

அவர்களுக்கு ஆசிரியர் தரும் மருந்தைப் பார். "அறிக்கையை உறுதியாய்ப் பற்றிக்கொண்டிருங்கள்" என்ற கட்டளை அந்த நிருபத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. அது தனியாக வருவதே அரிது. நான்காம் அதிகாரத்தில், வானங்களின் வழியாய்ச் சென்ற மகா பிரதான ஆசாரியர் நமக்கு இருக்கிறபடியினால் பற்றிக்கொள்வோம் என்கிறார். பத்தாம் அதிகாரத்தில், தேவனுடைய வீட்டின்மேல் அதிகாரியான மகா ஆசாரியர் நமக்கு இருக்கிறபடியினால் சேருவோம், பற்றிக்கொள்வோம், ஒருவரையொருவர் கவனிப்போம் என்கிறார். நமக்கு ஒருவர் இருக்கிறார் என்பது முதலில் வருகிறது. நாம் செய்யவேண்டியது அதிலிருந்து பிறக்கிறது. நீ உன் கடிதம் முழுவதிலும் உன் பிடியின் பலத்தை அளந்துகொண்டிருக்கிறாய். எவ்வளவு ஜெபித்தேன், எவ்வளவு உணர்ந்தேன், எத்தனை முறை விழுந்தேன் என்று எழுதியிருக்கிறாய். பரலோகத்தில் உனக்காக இருக்கிறவரைப் பற்றி ஒரு வரியும் அதில் இல்லை.

பழைய ஏற்பாட்டில் ஆசாரியனுடைய உடுப்பைப் பற்றிய விவரங்களை வாசிக்கிறபோது நாம் சலித்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். யாத்திராகமம் 28-ஆம் அதிகாரத்தைப் பொறுமையாக வாசி. ஜனங்களுக்காகத் தேவனுக்கு முன்பாக நின்ற முதல் பிரதான ஆசாரியனாகிய ஆரோனின் தோள்களில் இரண்டு கோமேதகக் கற்கள், ஒவ்வொன்றிலும் ஆறு கோத்திரங்களின் நாமங்கள். அவனுடைய இருதயத்தின்மேல் தொங்கும் மார்ப்பதக்கத்தில் பன்னிரண்டு கற்கள், பன்னிரண்டு நாமங்கள். பரிசுத்த ஸ்தலத்துக்குள் அவன் பிரவேசிக்கும்போது அந்த நாமங்களும் அவனோடு உள்ளே போயின. பாளயத்தின் ஓரத்தில் தன் கூடாரத்தில் இருந்த ஒரு இஸ்ரவேலன் அன்றைக்கு உற்சாகமாயிருந்திருக்கலாம், மனமடிந்தும் இருந்திருக்கலாம். அவனுடைய கோத்திரத்தின் பெயர் கல்லில் வெட்டப்பட்டிருந்தது. அவன் மனநிலைக்கு ஏற்ப அது தெளிவதோ மங்குவதோ இல்லை.

ஆனாலும் அந்த ஆசாரியத்துவத்துக்கு இரண்டு பெரிய குறைகள் இருந்தன. ஏழாம் மாதம் பத்தாம் தேதியாகிய பாவநிவாரண நாளில் பிரதான ஆசாரியன் ஜனங்களுக்காக உள்ளே போகுமுன், தனக்காகவும் தன் வீட்டாருக்காகவும் ஒரு காளையைப் பலியிடவேண்டியிருந்தது (லேவியராகமம் 16). மன்றாட வந்தவனே மன்னிப்புத் தேவைப்பட்டவன். இன்னொன்று, அவன் மரித்துப்போவான். ஓர் என்னும் மலையின்மேல் மோசே ஆரோனுடைய வஸ்திரங்களைக் கழற்றி அவன் குமாரனாகிய எலெயாசாருக்கு உடுத்துவித்தான். ஆரோன் அங்கேயே மரித்தான் (எண்ணாகமம் 20). வஸ்திரம் தொடர்ந்தது, அதை அணிந்தவன் மாறிக்கொண்டே இருந்தான். ஆரோன் முதல் கி.பி. 70-இல் தேவாலயம் அழிக்கப்பட்ட காலம்வரை 83 பேர் பிரதான ஆசாரியராயிருந்தார்கள் என்று யூத வரலாற்றாசிரியரான யோசேப்பஸ் கணக்குச் சொல்லுகிறார். அவர்களில் 28 பேர் ஏரோது ராஜாவின் நாட்களுக்கும் அந்த அழிவுக்கும் இடைப்பட்ட 107 ஆண்டுகளுக்குள் வந்துபோனவர்கள். ஆட்சியாளர்கள் தங்கள் வசதிக்கு ஏற்ப நியமிக்கவும் நீக்கவும் செய்த பதவியாக அது அப்போது தாழ்ந்திருந்தது. அந்தக் காலத்தில் வாழ்ந்து முதிர்ந்த ஒரு யூதன், தன் பாவத்துக்காக மகா பரிசுத்த ஸ்தலத்தை மறைத்த திரைக்குள் போகிறவர் அடுத்த ஆண்டு யாராயிருப்பார் என்று நிச்சயமாய்ச் சொல்லியிருக்க முடியாது.

இதை மனதில் வைத்துக்கொண்டு எபிரெயர் 7:24-25-ஐ வாசித்தால் அதன் பலம் தெரியும். இயேசு என்றென்றைக்கும் நிலைத்திருக்கிறபடியால் மாறிப்போகாத ஆசாரியத்துவமுள்ளவர். தமது மூலமாய் தேவனிடத்தில் சேருகிறவர்களுக்காக வேண்டுதல்செய்யும்படி எப்பொழுதும் உயிரோடிருக்கிறவர். ஆகையால் அவர்களை முற்றுமுடிய இரட்சிக்க வல்லவர். நீ விசுவாசத்துக்கு வந்த நாளில் உன்னை ஏற்றுக்கொண்டவரே இன்றைக்கும் உன் காரியத்தைக் கையில் வைத்திருக்கிறார், உன் மரணநாளிலும் அவரே வைத்திருப்பார். முதுமையில் நினைவு தப்பி, பெற்ற பிள்ளைகளின் பெயரையும் தான் ஜெபித்த ஜெபங்களையும் மறந்துபோன விசுவாசிகள் எல்லாச் சபைகளிலும் இருக்கிறார்கள். விசுவாசத்தில் நிலைத்திருப்பது மனதின் உறுதியை மட்டுமே சார்ந்ததானால், அவர்களைக் குறித்து நாம் என்ன சொல்ல முடியும்? அவர்கள் தங்களையே மறந்தாலும், அவர்களுக்காகத் திரைக்குள் பிரவேசித்தவர் அவர்களை மறப்பதில்லை என்றே சொல்லுகிறோம். அவர்களுக்குப் போதுமானவர் உன் வறண்ட ஜெபத்துக்கும் போதுமானவர்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை விலக்கவேண்டியிருக்கிறது. கிறிஸ்து நமக்காகப் பரிந்துபேசுகிறார் என்றவுடன், கோபத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிற பிதாவிடம் குமாரன் ஓயாமல் கெஞ்சுவதுபோல் ஒரு காட்சியைச் சிலர் மனதில் வரைந்துகொள்கிறார்கள். வேதம் அப்படிச் சொல்லவில்லை. "நீர் மெல்கிசேதேக்கின் முறைமையின்படி என்றென்றைக்கும் ஆசாரியராயிருக்கிறீர்" என்று ஆணையிட்டு அவரை நியமித்தவர் பிதாவே (சங்கீதம் 110:4; மெல்கிசேதேக்கு ஆரோனுக்கு முன்பே, ஆபிரகாமின் காலத்தில் இருந்த ஆசாரியன்). உனக்காகப் பேச ஒருவரை ஏற்படுத்தினவர், அவர் பேசுவதைக் கேட்க மனமில்லாதவராயிருப்பாரா? தவிர, அவர் உட்கார்ந்திருக்கிறார். மோசேயின் நாட்களில் ஆராதனைக்கென்று அமைக்கப்பட்ட ஆசரிப்புக் கூடாரத்தில் மேஜை இருந்தது, குத்துவிளக்கு இருந்தது, தூபபீடம் இருந்தது. ஆசாரியன் உட்கார ஓர் ஆசனம் இல்லை, ஏனெனில் அவன் வேலை முடிவதே இல்லை. அவன் நாள்தோறும் நின்றுகொண்டு, பாவங்களை ஒருக்காலும் நிவிர்த்திசெய்யக்கூடாத அதே பலிகளைச் செலுத்திவந்தான். கிறிஸ்துவோ ஒரே பலியைச் செலுத்தி உட்கார்ந்தார் (எபிரெயர் 10:11-12). பலி முடிந்தது, வேண்டுதல் தொடர்கிறது. முடிந்துபோன பலியின் பலனை, இன்னும் முடிவடையாத உன் வாழ்க்கையின் ஒவ்வொரு நாளுக்கும் உரியதாக்குவதே அந்த வேண்டுதல்.

(முதல் இரத்தசாட்சியாகிய ஸ்தேவான் கல்லெறியப்படுமுன் இயேசுவைக் கண்டபோது அவர் நின்றுகொண்டிருந்தாரே என்று நீ கேட்பாய் என எனக்குத் தெரியும். ஏன் நின்றார் என்று, அதை அப்போஸ்தலர் நடபடிகளில் எழுதிய லூக்கா விளக்கவில்லை. அழகான விளக்கங்கள் பல உண்டு, அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து உபதேசமாக்க எனக்குத் துணிவில்லை. அவர் அங்கே இருப்பதைக் கண்ட ஸ்தேவான் கற்களின் நடுவிலும் தன்னைக் கொல்லுகிறவர்களுக்காக வேண்டிக்கொண்டு நித்திரையடைந்தான் என்பது மட்டும் தெளிவாயிருக்கிறது.)

அந்த வேண்டுதலில் என்ன கேட்கப்படுகிறது? அதை அறிய நமக்கு ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. லூக்கா 22-ஆம் அதிகாரத்தில், சாத்தான் சீஷர்களைக் கோதுமையைப்போல் சுளகினால் புடைக்க உத்தரவு கேட்டுக்கொண்டான் என்று பேதுருவிடம் சொன்ன ஆண்டவர், "நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்கிறார். சாத்தானுக்கு அனுமதி கிடைக்கக்கூடாது என்று அவர் வேண்டிக்கொண்டதாகச் சொல்லவில்லை. பேதுரு அன்றிரவு வெட்கப்படாமலிருக்கவேண்டும் என்றும் வேண்டிக்கொண்டதாகச் சொல்லவில்லை. நீயும் நானும் பேதுருவுக்காக ஜெபித்திருந்தால் இந்த இரண்டையும்தான் முதலில் கேட்டிருப்போம். அவர் கேட்டது ஒன்றே: விசுவாசம் ஒழிந்துபோகக்கூடாது. சேவல் கூவுமுன் பேதுரு மூன்று முறை மறுதலித்தான், ஆணையிட்டும் மறுதலித்தான். வெளியே இருந்து பார்க்கிற எவரும் அவன் விசுவாசம் செத்துவிட்டது என்றே தீர்ப்புச் சொல்லியிருப்பார்கள். ஆனால் ஆண்டவர் திரும்பி அவனை நோக்கிப் பார்த்தார், அவன் வெளியே போய் மனங்கசந்து அழுதான். உயிர்த்தெழுதலின் நாளில் ஸ்திரீகள் சொன்னதை மற்றவர்கள் வீண்பேச்சாக எண்ணியபோது, எழுந்து கல்லறைக்கு ஓடினவனும் அவனே. யூதாசும் துக்கப்பட்டான், பணத்தைத் திருப்பி எறிந்தான்; ஆனால் அவன் துக்கம் அவனை இயேசுவிடம் கொண்டுவரவில்லை. பேதுருவின் துக்கத்துக்குள் ஏதோ ஒன்று அணையாமல் இருந்தது, அது பேதுருவின் மனவுறுதியால் இருந்ததல்ல.

இதில் இன்னொன்றையும் பார். அந்த வேண்டுதல் விழுகைக்கு முன்பே ஏறெடுக்கப்பட்டது. "காவலிலும் சாவிலும் உம்மைப் பின்பற்றிவர ஆயத்தமாயிருக்கிறேன்" என்று பேதுரு நெஞ்சை நிமிர்த்திப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், தனக்கு அப்படி ஒரு ஜெபம் தேவை என்றே அவன் அறிந்திருக்கவில்லை. நீ சோர்ந்துவிட்டதை உணர்ந்த பிறகுதான் பரலோகத்தில் உனக்காக ஏதாவது தொடங்கியிருக்கும் என்று நினைக்காதே. ஜெபிக்க முடியவில்லையே என்று இன்னும் துக்கப்பட உனக்கு முடிகிறதே, அதை அவருடைய வேண்டுதலின் பலனாகவே நான் காண்கிறேன்.

திரும்பத் திரும்ப வருகிற அந்தப் பாவத்தைக் குறித்து: அதைச் சொல்லிக்கொண்டு அவரிடம் போக வெட்கமாயிருக்கிறது என்கிறாய். அவர் பாவமில்லாதவர், ஆகையால் என்னைப் புரிந்துகொள்வாரோ என்ற எண்ணம் உனக்குள் இருக்கிறது. பாவம் செய்யாததால் சோதனையை அவர் குறைவாக அறிந்தவர் அல்ல. நாம் பாதி வழியிலேயே இணங்கிவிடுகிறோம், அதனால் சோதனையின் முழுப் பாரத்தையும் நாம் சுமந்ததே இல்லை. இணங்காதவர் ஒருவரே அதைக் கடைசிவரை சுமந்தார். மாம்சத்திலிருந்த நாட்களில் பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும் அவர் ஜெபித்தார் என்று எபிரெயர் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம் சொல்லுகிறது. கெத்செமனேயில் அப்படி ஜெபித்தவர்தான் இப்பொழுது கிருபாசனத்தில் இருக்கிறார். ஆகவே, சுத்தமாகிவிட்டு வருகிறேன் என்று காத்திருக்காதே. சகரியா தரிசனத்தில் கண்ட பிரதான ஆசாரியனாகிய யோசுவா அழுக்கு வஸ்திரத்தோடேயே தூதனுக்கு முன்பாக நின்றான். அவன் வலதுபக்கத்தில் நின்று சாத்தான் விரோதஞ்செய்தபோது யோசுவா தன் சார்பில் ஒரு வார்த்தையும் பேசியதாக எழுதப்படவில்லை. கர்த்தரே சாத்தானைக் கடிந்துகொண்டார், வஸ்திரத்தை மாற்றவும் கட்டளை பிறந்தது.

எபிரெயர் 6-ஆம், 10-ஆம் அதிகாரங்களின் எச்சரிப்புகள் உன்னைத் தூங்கவிடவில்லை என்றும் எழுதியிருந்தாய். அவற்றின் கூர்மையை நான் மழுக்கமாட்டேன். மனப்பூர்வமாகப் பாவத்திலே நிலைத்து, தேவனுடைய குமாரனைக் காலின்கீழ் மிதித்து, இந்த ஆசாரியரை விட்டு வேறு வழி தேடுகிறவனுக்கு இனிப் பலி இல்லை. இருக்கிற ஒரே பலியை அவன் தள்ளிவிட்டான். ஆனால் அவரை இழந்துவிட்டேனோ என்று அழுகிறவன் அவரைத் தள்ளுகிறவன் அல்ல. ஆறாம் அதிகாரத்தில் அந்தப் பயங்கரமான வார்த்தைகளை எழுதிய கை, உடனே நன்மையானவைகள் உங்களுக்கு உண்டென்று நம்பியிருக்கிறோம் என்று எழுதுகிறது; அதிகாரம் முடியுமுன், திரைக்குள்ளாகப் பிரவேசிக்கிற ஆத்தும நங்கூரத்தையும், நமக்கு முன்னோடினவராய் அங்கே பிரவேசித்த இயேசுவையும் காட்டுகிறது. எச்சரிப்பு உன்னை விரட்டுவது அவரை நோக்கியே.

உண்மையான விசுவாசி முற்றிலும் விழுந்துபோக முடியுமா என்ற கேள்வியில் சபைகள் ஒத்துப்போவதில்லை என்பது உனக்குத் தெரியும். 1618-19-இல் நெதர்லாந்தில் கூடிய தோர்ட் ஆலோசனைச் சங்கமும், 1640-களில் இங்கிலாந்தில் எழுதப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையும் முடியாது என்றன. ஜான் வெஸ்லியின் வழிவந்த மெதடிஸ்டுகள் முடியும் என்று எச்சரிக்கிறார்கள். நான் எந்தப் பக்கம் என்று உனக்குத் தெரியும், இந்தக் கடிதத்தில் அதை வாதாடப்போவதில்லை. நான் கவனித்தது இதுதான்: வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கை பரிசுத்தவான்களின் நிலைத்திருத்தலுக்குக் காரணங்களை அடுக்கும்போது, அது அவர்களுடைய சொந்தச் சித்தத்தைச் சார்ந்ததல்ல என்று மறுத்து, கிறிஸ்துவின் புண்ணியத்தையும் அவருடைய வேண்டுதலையும் காரணங்களில் ஒன்றாக வைக்கிறது. எதிர்ப்பக்கத்தில் நின்ற, ஜான் வெஸ்லியின் தம்பியும் பாடலாசிரியருமான சார்லஸ் வெஸ்லியும், பரலோகத்தில் நமக்காகப் பரிந்துபேசுகிற அதே கிறிஸ்துவைப் பாடி ஆறுதலடைந்தார். பயம் பிடிக்கும்போது இரு சாராரும் ஒரே இடத்துக்குத்தான் ஓடியிருக்கிறார்கள்.

இனி நீ செய்யவேண்டியது. நீளமான திட்டம் எதையும் போடாதே. எபிரெயர் நிருபத்தை மட்டும், அதிகாரம் அதிகாரமாக, மெதுவாக வாசி. ஜெபத்தில் வார்த்தை வராவிட்டால், "எனக்காக வேண்டிக்கொண்டிருக்கிறவரே" என்று தொடங்கி, வருகிற மட்டும் சொல். உணர்ச்சி வரும்வரை காத்திருந்து ஜெபிக்கிற பழக்கத்தை விடு; தைரியமாய்ச் சேரும்படி நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது, அந்தத் தைரியம் அவருடைய இரத்தத்தால் உண்டானது, நம் மனநிலையால் அல்ல.

சபைக்குத் திரும்பிப் போ. இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன். பரலோகத்திலிருக்கிற ஆசாரியர் உன்னைத் தாங்குகிற வழிகளில் ஒன்று, உனக்கு அருகில் உட்கார்ந்து பாடுகிற மனுஷர்கள். "சகோதரரே" என்று பன்மையில் அழைத்து, நாள்தோறும் ஒருவருக்கொருவர் புத்திசொல்லுங்கள் என்று எழுதப்பட்ட நிருபத்தைத் தனியறையில் உட்கார்ந்து கைக்கொள்ள முடியாது. "நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து" என்று பேதுருவுக்கு விழுமுன்பே வேலை கொடுக்கப்பட்டது. உன்னைவிடச் சோர்ந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள்; அவர்களிடம் நீ இப்பொழுது பேசக்கூடியவற்றை, உற்சாகமாயிருந்த நாட்களில் உன்னால் பேசியிருக்க முடியாது.

கடைசியாக, இந்த நிலையில் திருவிருந்தில் பங்குபெறலாமா என்று கேட்டிருந்தாய். அந்தப் பாவத்தை விட எனக்கு மனமில்லை, அதை வைத்துக்கொண்டே வருவேன் என்று நீ சொன்னால், முதலில் போதகரிடம் போய்ப் பேசு என்பேன். நீ அப்படிச் சொல்லவில்லை. அதை வெறுக்கிறாய், அதற்கு விரோதமாய்ப் போராடித் தோற்றுத் தோற்று வருகிறாய். தன்னைத்தானே சோதித்தறிந்து என்று சொன்ன பவுல், சோதித்தறிந்துவிட்டு விலகிப்போகக்கடவன் என்று எழுதவில்லை. புசித்துப் பானம்பண்ணக்கடவன் என்று எழுதினார். ஆகையால் போ. அடுத்த ஆராதனைக்கு முன்னதாகவே உன் போதகரைச் சந்தித்து, எனக்கு எழுதினதை அவரிடமும் மறைக்காமல் சொல். பிறகு மற்றவர்களோடு சேர்ந்து பந்தியில் உட்கார். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.

கிறிஸ்துவுக்குள்,
உன் அண்ணன்